ஊசிக்கும் பிறப்புக்கும் இடையில்

“நோவுக்கு ஊசி போட்டால் பிள்ளைக்கு ஏதும் செய்யுமா?” கொழும்பு கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளில் நிறைமாதமாக இருக்கும் பெண்கள் தாயிடமும் மாமியிடமும் அடுத்த வீட்டு அக்காவிடமும் கேட்கும் கேள்வி இது. கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்க வெட்கப்பட்டு, “நோவைப் பல்லைக் கடிச்சுக்கொண்டு தாங்கினால்தான் பிள்ளைக்கு நல்லது” என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறவர்கள் அவர்களைவிட அதிகம். அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் சில கிலோமீற்றரில் டி சொய்சா பெண்கள் வைத்தியசாலை. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் திறக்கப்பட்ட பிள்ளைப்பேற்று மனை அது. அதன் விடுதிகளுக்குள் எத்தனை தலைமுறைப் பெண்கள் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள்!

பதில் இருக்கிறது. நல்ல பதில். ஆனால் அது ‘செய்யும்’, ‘செய்யாது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது. எந்த மருந்து, எந்த வழியாக, பிறப்புக்கு எத்தனை மணித்தியாலம் முன்பு என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். விளங்கத் தொடங்கியதும் தாயின் உடலும் சேயின் உடலும் இதற்காகச் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1847 ஜனவரியில் எடின்பரோ நகர வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்சன், பிள்ளைப்பேற்று நோவில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஈதர் ஆவியைக் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோபோமுக்கு மாறினார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் அதே 1847இல்தான். பத்து ஆண்டுகள் கழித்து, 1857இல், பிள்ளைப்பேற்று மருத்துவ நூல் ஒன்றை அவர் தமிழில் கொண்டுவந்தார். இடையில் 1853இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பேற்றின்போது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியரிடம் குளோரோபோம் வாங்கிக்கொண்டார். கைக்குட்டையில் துளித்துளியாக, 53 நிமிடம். அரசியே ஏற்றுக்கொண்ட பிறகு எதிர்ப்புக் குரல்கள் தணிந்தன. ஆனால் பிள்ளையைப் பற்றிய கேள்வி தணியவில்லை. தாய் சுவாசித்த ஆவி பிள்ளைக்குப் போய்ச் சேராது என்று பல வைத்தியர்கள் அன்று நம்பினார்கள். 1870களில் பௌல் ஸ்வைஃபெல் என்பவர், நோவின்போது குளோரோபோம் சுவாசித்த தாய்மாரின் பச்சைக் குழந்தைகளுடைய சிறுநீரைச் சோதித்தார். குளோரோபோம் அங்கே இருந்தது. மருந்து கடந்து போகிறது என்பது அன்று உறுதியாயிற்று. எவ்வளவு போகிறது, போய் என்ன செய்கிறது என்பதை அளக்க இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

கடக்கும் இடம் சூல்வித்தகம். வீட்டில் நச்சுக்கொடி, இளங்கொடி என்று சொல்வோம். அரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பைப் பிறப்பு முடிந்ததும் வாளியில் போட்டு எடுத்துப் போய்விடுகிறார்கள். அதற்குள் இருக்கும் வேலைப்பாட்டைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் அங்கே கலப்பதே இல்லை. தாயின் இரத்தம் தேங்கும் குளங்களுக்குள் சேயின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரல்களாகக் கிளைத்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் 11, 12 சதுர மீற்றர் வரும். கொம்பனித்தெருவில் ஒரு குடும்பம் உண்டு உறங்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் முழுத் தரையளவு. தாய்க்கும் சேய்க்கும் நடுவில் உள்ள சுவரின் தடிப்போ, ஒரு மில்லிமீற்றரை முந்நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 600, 700 மில்லிலீற்றர் தாயின் இரத்தம் கருப்பைக்குள் பாய்கிறது.

இந்தச் சுவர் எதை விடும், எதை மறிக்கும்? மூலக்கூறு சிறியதாக, கொழுப்பில் கரைவதாக, மின்னேற்றம் இல்லாததாக இருந்தால் எளிதில் நுழையும். பெரியதாக, மின்னேற்றம் பெற்றதாக இருந்தால் வெளியிலேயே நிற்கும். இதற்கு எனக்குப் பிடித்த சான்று சீசர் சத்திரசிகிச்சையில் கிடைக்கிறது. முழு மயக்கம் கொடுக்கும்போது, சுவாசக் குழாயைச் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஒரு மருந்தைத் தாய்க்கு ஏற்றுவார்கள். தாயால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது; சுவாசத்தைக்கூட இயந்திரம்தான் நடத்தும். அந்த உடலுக்குள் இருந்து எடுக்கப்படும் பிள்ளையோ கையையும் காலையும் உதைத்துக்கொண்டு வரும். தாயின் ஒவ்வொரு தசையையும் கட்டிப்போட்ட மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றவை. அந்த மெல்லிய சுவரை அவற்றால் தாண்ட முடியவில்லை.

நோவு மருந்துகளில் பெரும்பாலானவை தாண்டக்கூடியவை. அங்கேதான் கதை சிக்கலாகிறது.

இலங்கையின் அரசாங்கப் பிரசவ விடுதிகளில் பல காலமாகக் கைகொடுத்து வருவது பெத்திடின். 1930களின் கடைசியில் ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட, அபின் வகையைச் சேர்ந்த செயற்கை மருந்து. தசையில் ஊசியாகப் போடுவார்கள். 50 முதல் 100 மில்லிகிராம் வரை. விலை குறைவு. நிபுணர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நோவை முழுதாகப் போக்காது. விளிம்பை மழுக்கி, கொஞ்சம் தூக்கத்தைத் தரும். பெத்திடின் கொழுப்பில் கரையும், சிறிய மூலக்கூறு. சுவரை எளிதாகக் கடக்கும்.

கடந்ததும் ஒரு விந்தை நடக்கிறது. தாயின் இரத்தத்தைவிடப் பிள்ளையின் இரத்தம் சற்றே அமிலத்தன்மை கூடியது. பெத்திடின் மென்மையான காரம். அமிலம் கூடிய இடத்துக்கு வந்ததும் அதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி மின்னேற்றம் பெறுகிறது. வரும்போது மின்னேற்றம் இல்லாததால் நுழைந்த மூலக்கூறு, மின்னேற்றம் பெற்ற பின் திரும்பிப் போக முடியாமல் பிள்ளையின் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இதற்கு அயனிப் பொறி என்று பெயர். ஒட்சிசன் குறைந்து களைத்துப்போன பிள்ளையின் இரத்தத்தில் அமிலம் இன்னும் கூடும், பொறியும் இறுகும். அதனால்தான் இதயத் துடிப்பில் தளர்ச்சி காட்டும் பிள்ளை உள்ளே இருக்கும்போது வைத்தியர்கள் இந்த ஊசிக்குத் தயங்குகிறார்கள்.

பிள்ளையின் உடலும் சும்மா இருப்பதில்லை. தொப்புள்கொடி வழியாக வரும் இரத்தத்தின் பெரும்பங்கு, மூளைக்கும் இதயத்துக்கும் போவதற்கு முன் ஈரலுக்குள் போகிறது. மருந்தின் ஒரு பகுதியை ஈரல் அங்கேயே பிடித்துவைக்கிறது. மிச்சம், உடலின் கீழ்ப்பகுதியில் இருந்து திரும்பி வரும் மருந்தில்லாத இரத்தத்துடன் கலந்து நீர்த்துப்போகிறது. மூளைக்குச் சேர்வது, தொப்புள்கொடியில் இருந்த அளவைவிடக் குறைந்து, தாமதித்துச் சேர்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. கருப்பை இறுகிச் சுருங்கும் வேளையில் சூல்வித்தகத்துக்குப் பாயும் இரத்தம் குறைகிறது. நாளத்தில் மருந்து ஏற்றும்போது, ஒரு நோ எழும் தருணத்தில் மெல்ல ஏற்றினால், மருந்தின் செறிவு உச்சத்தில் இருக்கும் அந்தச் சில கணங்களில் பிள்ளையின் பக்கம் போவது குறைவு.

இனி நேரத்தின் கணக்கு. ஊசி போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளை பிறந்தால் என்ன ஆகும்? மருந்து அப்போதுதான் போட்டது, ஆகவே ஆபத்து கூட என்று தோன்றும். உண்மை மறுபுறமாக இருக்கிறது. தசையில் போட்ட மருந்து தாயின் இரத்தத்துக்கு வந்து, சுவரைக் கடந்து, பிள்ளையின் திசுக்களில் நிறையக் காலம் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் பிறந்துவிடும் பிள்ளையிடம் சேர்ந்த மருந்து குறைவு. இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் பிறக்கும் பிள்ளையிடம்தான் அது உச்சத்தில் நிற்கும். அதற்கும் பிறகு? தாயின் ஈரல் மருந்தை உடைத்து வெளியேற்ற, அவளுடைய இரத்தத்தில் அளவு இறங்குகிறது. இறங்கியதும் பிள்ளையிடம் உள்ள மருந்தும் வந்த வழியாகத் தாயிடம் திரும்புகிறது. பொறியில் நின்றதும் மெல்ல மெல்லக் கசிகிறது. தொப்புள்கொடி அறுபடும்வரை, தாயின் ஈரலும் சிறுநீரகமும் பிள்ளைக்கும் சேர்த்தே வேலை செய்கின்றன.

கொடி அறுந்ததும் அந்த வாசல் மூடிவிடுகிறது. அதன் பின் பிள்ளை தன் சொந்த ஈரலை நம்பித்தான் இருக்க வேண்டும். அந்த ஈரல் இன்னும் வேலை பழகவில்லை. பெத்திடினில் பாதி நீங்குவதற்குத் தாயின் உடலுக்கு நான்கு மணித்தியாலம் அளவில் போதும். பச்சைக் குழந்தைக்கு 18 மணித்தியாலம் அளவில் வேண்டும். பெத்திடின் உடைந்து உண்டாகும் நோர்பெத்திடின் என்ற பொருள் இன்னும் பிடிவாதமானது. அதில் பாதி குழந்தையின் உடலை விட்டு நீங்க 60 மணித்தியாலம் வரை செல்லும். பெயர் வைக்கும் நாள் வரும் முன்பே மருந்து போய்விடும் என்றாலும், தாய்ப்பால் குடிக்கப் பழகும் முதல் இரண்டு மூன்று நாட்கள் அதன் நிழலில் கழியக்கூடும்.

1990இல் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. பிறந்தவுடன் தாயின் வயிற்றில் கிடத்திய 72 குழந்தைகளைக் கவனித்தார்கள். தொந்தரவு செய்யாமல் விட்டால், பச்சைக் குழந்தை தானாகவே ஊர்ந்து, தலையைத் தூக்கி, முலைக்காம்பைக் கண்டுபிடித்துச் சப்பத் தொடங்கும். இது எல்லாப் பிள்ளைக்கும் பிறவியிலேயே வரும் வித்தை. பெத்திடின் பெற்ற தாய்மாரின் 40 குழந்தைகளில் 25 அன்று சப்பவே இல்லை. தூங்கி வழிந்தன. ஆபத்தில் இருந்தன என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் முதல் மணித்தியாலத்தில் பால் குடிக்காத பிள்ளையைத் தாயும் தாதியும் கூடுதல் பொறுமையோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் இருந்து தெரிகிறது. “பிள்ளை பால் குடிக்குதில்லை, எனக்குப் பால் இல்லைப் போல” என்று அழும் இளந்தாய்க்கு, இது உன் குறை இல்லை, மருந்தின் தூக்கம், இரண்டு நாளில் தெளியும் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

மூச்சு விடத் தயங்கும் பிள்ளைக்கு நலொக்சோன் என்ற மாற்று மருந்தும் உண்டு. அபின் வகை மருந்துகள் மூளையில் பற்றிக்கொள்ளும் இடங்களில் இருந்து அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். ஆனால் அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பெத்திடின் அதன் பிறகும் அங்கேயே இருக்கும். ஆகவே முதல் வேலை பையாலும் முகமூடியாலும் சுவாசம் கொடுத்து உதவுவதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதுமாகிவிடுகிறது.

ஒரு குழந்தை ‘தூங்கி வழிகிறது’ என்பதை எல்லா வைத்தியசாலைகளிலும் ஒரே அளவுகோலால் எப்படிச் சொல்வது? இதற்கு விடை கண்டவர் வர்ஜினியா அப்கார். சத்திரசிகிச்சை நிபுணராக விரும்பியவர். அந்தத் துறையில் பெண்ணுக்கு இடம் கிடைப்பது கடினம் என்று ஆசிரியர் சொல்ல, மயக்க மருந்துத் துறைக்கு மாறியவர். நியூயோர்க்கில் பணியாற்றிய அவர் 1952இல் ஒரு புள்ளி முறையை முன்வைத்தார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, சீண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. கூட்டினால் பத்துக்கு எத்தனை என்று வரும். பிறந்து ஒரு நிமிடத்தில் ஒரு தடவை. பின்னர் ஐந்தாம் நிமிடத்திலும் என்று வழக்கமாயிற்று. கருவி வேண்டாம், செலவு இல்லை. கண்ணும் காதும் விரலும் போதும். இன்று கொழும்பில் பிறக்கும் குழந்தையின் அட்டையிலும் அந்த இரண்டு எண்கள் எழுதப்படுகின்றன.

பலருக்குத் தெரியாதது, தாய்க்குக் கொடுத்த மயக்கமும் நோவு நிவாரணமும் பிள்ளையை என்ன செய்தன என்பதே அப்கார் அளக்க விரும்பியவற்றுள் ஒன்று என்பது. அவரும் தோழர்களும் எண்களை ஒப்பிட்டபோது, அந்தக் காலத்தில் விரும்பிப் பயன்படுத்தப்பட்ட சைக்குளோபுரோப்பேன் என்ற வாயுவால் மயக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகள், முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்த தாய்மாரின் குழந்தைகளைவிடக் குறைந்த புள்ளி பெற்றது தெரிந்தது. தானே விரும்பிக் கையாண்ட வாயுவை அப்கார் கைவிட்டார். நோவு மருந்தின் பாதுகாப்பைத் தாயிடம் மட்டும் கேட்காமல் பிள்ளையிடமும் கேட்கும் பழக்கம் அவரால் உறுதிப்பட்டது. என் மதிப்பில், இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எந்த மருந்தும் இல்லை, இந்தப் பத்துப் புள்ளிதான்.

முதுகு ஊசிக்கு வருவோம். எபிடியூரல் என்பது அதன் பெயர். நாரியில் போடுகிற ஊசி என்று பெண்கள் சொல்வார்கள். அதைப் போல் அவர்கள் பயப்படும் ஊசி வேறில்லை. ‘முள்ளந்தண்டில் குத்தி நரம்பை அறுத்துவிடுவார்கள்’ என்ற பேச்சு வேறு. நடப்பது என்ன என்று பார்த்தால் பயம் வியப்பாக மாறும். முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் முள்ளெலும்புகளின் நடுவில். அங்கே நரம்புகளைச் சுற்றிய உறைக்கு வெளியே, கொழுப்பும் சிறு நாளங்களும் நிறைந்த ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. தோலில் இருந்து நான்கு முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழம். மருந்து அதற்குள் போக வேண்டும். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியை வைத்தியர் கண்டுபிடிப்பது பெருவிரலால். ஊசியின் பின்புறம் உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சு. அதன் தண்டை மெல்ல அழுத்திக்கொண்டே ஊசியை நகர்த்துவார். முள்ளெலும்புகளைப் பிணைக்கும் இறுகிய இணையத்துக்குள் ஊசி முனை இருக்கும்வரை உப்புநீர் போக மறுக்கும். விரலில் எதிர்ப்பு தெரியும். இடைவெளியை எட்டிய கணத்தில் எதிர்ப்பு திடீரென்று மறைந்து, நீர் வழுக்கிப் போகும். 1930களில் இத்தாலிய சத்திரசிகிச்சை நிபுணர் அக்கீலே டோக்லியோற்றி பரவலாக்கிய இந்த முறை இன்றுவரை நிலைத்திருக்கிறது. பிறகு ஊசிக்குள்ளால் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய மிருதுவான குழாயைச் செலுத்திவிட்டு ஊசியை வெளியே எடுத்துவிடுகிறார்கள். முதுகில் மிஞ்சுவது அந்தக் குழாய் மட்டுமே. வேண்டும்போது வேண்டிய அளவு மருந்தை அதன் வழியே கொடுக்கலாம்.

மருந்து பெரும்பாலும் புபிவகெய்ன், கூடவே கொஞ்சம் ஃபென்ரனில். புபிவகெய்ன் நரம்பின் மின் சமிக்ஞையை மறிக்கிறது. நரம்புகளில் மெல்லியவையும் உண்டு, தடித்தவையும் உண்டு. நோவைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. காலை அசைக்கும் இழைகள் தடித்தவை. செறிவைக் குறைத்துக்கொண்டே போனால், மெல்லிய இழைகள் அடங்கியும் தடித்த இழைகள் இயங்கியும் இருக்கும் ஓர் இடைநிலை வருகிறது. நோவு அடங்கும், கால் அசையும், முக்கவும் முடியும். முன்பு அரை வீதம், கால் வீதச் செறிவில் கொடுத்தார்கள். இன்று நூற்றில் ஒரு பங்கின் பத்தில் ஒன்று, சில இடங்களில் அதற்கும் கீழே. அந்தச் செறிவில் பத்து மில்லிலீற்றருக்குள் இருப்பது பத்து மில்லிகிராம் புபிவகெய்ன் மாத்திரம்.

அந்தப் பத்து மில்லிகிராமும் இரத்தத்தில் நேராகப் போடப்படவில்லை. நரம்புகளின் அருகில் தங்கி, மெல்ல மெல்லத்தான் தாயின் இரத்தத்துக்குக் கசிகிறது. கசிந்ததில் நூற்றுக்கு 95 பங்கு இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது சுவரைக் கடக்காது. கடைசியில், தாயின் இரத்தத்தில் உள்ள செறிவில் மூன்றில் ஒரு பங்கு அளவே தொப்புள்கொடி இரத்தத்தில் காணப்படுகிறது. தாயின் இரத்தத்திலேயே சொற்பம். சொற்பத்தில் மூன்றில் ஒன்று பிள்ளைக்கு.

இது ஏட்டுக் கணக்கு. உண்மையான பிள்ளைகள் என்ன சொல்கின்றன? 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்ட பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2018இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, எபிடியூரல் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு அப்கார் புள்ளி குறையவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது கூடவில்லை, சீசரும் கூடவில்லை என்று கண்டது. பெத்திடின் போன்ற ஊசிகள் பெற்றவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டால், நலொக்சோன் தேவைப்பட்டது எபிடியூரல் பக்கத்தில் குறைவு. ஸ்கொட்லாந்தில் 2007 தொடக்கம் 2016 வரை நிகழ்ந்த நான்கு லட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வும் அமைதியான பதிலையே தந்தது. 2020இல் கலிபோர்னியாவில் இருந்து வந்த ஒரு கட்டுரை, எபிடியூரலுக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லிப் பல தாய்மாரைக் கலங்கடித்தது. அடுத்த ஆண்டே டென்மார்க்கிலும் கனடாவின் மனிற்றோபா மாகாணத்திலும் பெரும் பதிவேடுகளை ஆராய்ந்தவர்களுக்கு அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. எபிடியூரல் கேட்கும் பெண்களின் பேறுகள் நீண்டவையாக, சிக்கல் கூடியவையாக இருப்பது வழக்கம். ஊசியின் விளைவையும், ஊசி கேட்க வைத்த சிக்கலின் விளைவையும் பிரித்தறிவதுதான் இத்தகைய ஆய்வுகளில் மிகக் கடினமான வேலை.

எபிடியூரலுக்கும் விலை உண்டு. மறைக்கத் தேவையில்லை. தாயின் இரத்த அழுத்தம் இறங்கலாம். இறங்கினால் கருப்பைக்குப் போகும் இரத்தம் குறைந்து பிள்ளையின் துடிப்பு தளரும். இதற்காகத்தான் நாளத்தில் சேலைன் ஓடுகிறது. தாயை மல்லாந்து படுக்கவிடாமல் ஒருக்களிக்கச் செய்கிறார்கள். நிறைமாதக் கருப்பை பின்னால் உள்ள பெருநாளத்தை அழுத்தும் என்பதால், வெறுமனே இடப்பக்கம் திரும்பிப் படுப்பதே பல வேளைகளில் மருந்தாகிவிடும். முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம். சில தாய்மாருக்குக் கிருமி இல்லாமலே காய்ச்சல் வரும். அப்போது தொற்று இருக்குமோ என்று பிள்ளையையும் சோதிக்க வேண்டி வரலாம். இவை எல்லாம் பார்த்துக்கொள்ளக்கூடியவை, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மயக்க மருந்து நிபுணரும், பிள்ளையின் துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கும் தாதியும் இருக்கும் பெரிய வைத்தியசாலைகளில்தான் இந்த வசதி நடைமுறைக்கு வருகிறது.

மருந்தே வேண்டாம், நோவைத் தாங்கினால் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். தாங்க விரும்பும் பெண்ணின் விருப்பம் அவளுடையது, மதிக்கிறேன். ஆனால் பிள்ளையின் பக்கம் இருந்து பார்த்தால், கடும் நோவும் இரத்தத்தின் வழியாகப் பிள்ளையை எட்டுகிறது. தாங்க முடியாத நோவில் தாய் வேகவேகமாக மூச்சு வாங்குகிறாள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு சரிகிறது. அது சரிந்தால் தாயின் ஈமோகுளோபின் ஒட்சிசனை இறுகப் பற்றிக்கொள்ளும். பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது குறையும். நோ தணிந்ததும் மூச்சு விடும் உந்துதலே சில கணங்கள் மங்கிப்போகும். கூடவே அச்சமும் வேதனையும் பெருக்கும் அதிரினலின் கருப்பையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். நல்ல சூல்வித்தகம் உள்ள ஆரோக்கியமான பிள்ளை இதையெல்லாம் சமாளித்துவிடும். ஏற்கெனவே வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அது சுமை. லண்டன் நிபுணர் ஃபெலிசிற்றி றெனோல்ட்ஸும் தோழர்களும் 2002இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஊசியாக அபின் வகை மருந்து பெற்றவர்களின் பிள்ளைகளைவிட எபிடியூரல் பெற்றவர்களின் பிள்ளைகளுடைய தொப்புள்கொடி இரத்தத்தில் அமில நிலை நன்றாக இருந்தது.

அப்படியானால் பிறப்பின் நெருக்கடி பிள்ளைக்கு வேண்டாததா? இங்கேதான் இயற்கையின் நுட்பம். கருப்பை நெருக்கும்போது பிள்ளையின் சொந்தச் சுரப்பிகள் அதிரினல் வகை ஓமோன்களைப் பெருக்கெடுக்க விடுகின்றன. மாரடைப்பு வந்த பெரியவரின் இரத்தத்தில் காணும் அளவையும் மிஞ்சும் அது என்று சுவீடன் வைத்தியர் ஹூகோ லாகர்கிராண்ட்ஸ் எழுதினார். அந்த வெள்ளம்தான் நுரையீரலுக்குள் நிறைந்திருக்கும் நீரை உறிஞ்ச வைத்து, முதல் மூச்சுக்கு இடம் செய்து கொடுக்கிறது. அது பிள்ளை தானே சுரப்பது; தாயின் வேதனை அதற்குத் தேவையில்லை. தாயின் நோவை அடக்கிய பிறகும் கருப்பையின் நெருக்குதல் தொடர்கிறது. பிள்ளை தன் ஆயத்தத்தைத் தொடர்கிறது.

நேரத்தோடு விளையாடும் மருந்துகளும் உண்டு. நைத்திரசு ஒட்சைட்டும் ஒட்சிசனும் பாதிக்குப் பாதி கலந்த என்டொனொக்ஸ் வாயுவை 1961இல் மைக்கல் ரன்ஸ்டோல் ஒரே சிலிண்டருக்குள் அடைத்துக் காட்டினார். முகமூடியைப் பெண்ணே பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் பிடிக்கக் கூடாது. மயக்கம் கூடினால் கை தானாகத் தளர்ந்து முகமூடி விலகும், அதுவே பாதுகாப்பு. வேலை செய்ய 50 செக்கன் அளவில் ஆகும் என்பதால் நோ உச்சிக்கு வரும் முன்பே, அது எழும்போதே இழுக்கத் தொடங்க வேண்டும். இரத்தத்தில் மிகக் கொஞ்சமே கரைவதால், பிறந்த பிள்ளை சில மூச்சுகளிலேயே அதை வெளியே விட்டுவிடும். ஈரலின் உதவி தேவையே இல்லை. ரெமிஃபென்ரனில் என்ற புதிய மருந்து இன்னொரு வழியைப் பிடித்திருக்கிறது. சுவரை நன்றாகவே கடக்கும். ஆனால் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதியங்கள் அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். பழகாத ஈரல் கொண்ட பிள்ளையிடமும் அந்த நொதியங்கள் தயாராகவே இருக்கின்றன. தாயின் சுவாசத்தை மந்தமாக்கக்கூடியது என்பதால், ஒருவர் பக்கத்தை விட்டு அகலாமல் நிற்க வேண்டும்.

பக்கத்தில் ஒருவர் நிற்பது பற்றியும் ஓர் ஆச்சரியமான கணக்கு இருக்கிறது. பேற்று நோவு முழுக்கத் தொடர்ந்து துணை இருந்த பெண்களையும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்ட பரிசோதனைகளை 2017இல் கொக்ரேன் தொகுத்தது. 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்கள் நோவு மருந்து கேட்டது குறைவு, சீசர் குறைவு. அதோடு, ஐந்தாம் நிமிட அப்கார் புள்ளி தாழ்ந்துபோன குழந்தைகளும் அந்தப் பக்கத்தில் குறைவு. கையைப் பிடித்து, முதுகைத் தடவி, நடக்க வைத்து, தண்ணீர் கொடுத்து நிற்கும் அம்மாவோ அக்காவோ பிள்ளையின் முதல் எண்ணையே தொடுகிறாள். கட்டில்கள் நெருக்கமான, திரைச்சீலை மட்டுமே மறைப்பாக உள்ள விடுதிகளில் துணைக்கு ஆள் விடுவது எளிதல்ல என்பது தெரியும். ஆனாலும் மருந்துக் களஞ்சியத்துக்குச் செலவிடுவதைப் போலவே ஒரு கதிரைக்கும் ஒரு மறைப்புக்கும் செலவிடுவது நியாயம் என்று நினைக்கிறேன்.

எபிடியூரல் வேண்டுமென்றால் நோ வந்த பிறகு யோசிப்பது பிந்திவிடும். இரத்தம் உறையும் தன்மை சரியா, இரத்தத் தட்டுகள் போதுமா, முதுகில் முன்பு சத்திரசிகிச்சை நடந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே எட்டாம் ஒன்பதாம் மாதக் கிளினிக்கிலேயே, இந்த வைத்தியசாலையில் என்னென்ன உண்டு, இரவிலும் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெத்திடின்தான் கிடைக்கும் என்றாலும் அஞ்ச வேண்டியதில்லை. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து, பிறப்பு எப்போது வரும் என்று கணித்த பிறகே போடுவார்கள். இரண்டாம் மூன்றாம் பேறுகள் கணிப்பை முந்திக்கொண்டு ஓடிவிடுவதும் உண்டு. அதற்காகத்தான் நோவின் போக்கை வரையும் பார்ட்டோகிராம் தாளில், போட்ட மருந்தையும் அளவையும் நேரத்தையும் நிமிடக் கணக்கில் குறித்துவைக்கிறார்கள். பிறந்த பிள்ளை அழத் தாமதித்தால், குழந்தை வைத்தியர் ஒரு கையால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்பது.